மேல்படிக் கூடையில விழுந்த வெங்கச்சாங்கல்லு

எங்க தேயிலைத் தோட்டத்துல தொரைமாரு பத்துப் பேரைப் பாத்திருக்கேன். ஒருத்தன் பேருகூட இப்ப நெனப்புல இல்லை. கல்லு தொரை எங்க தோட்டத்துக்காரரு இல்லை. வெள்ளைக்காரருதான், ஆனா இங்கிலீசுக்காரரு இல்லை, பிரெஞ்சுக்காரரு. பேரு பூர்னெல்னு சொன்னாங்க. அது எங்க வாயில நொழையலை. எந்நேரமும் கல்லைக் கட்டிக்கிட்டு அழுததால கல்லு தொரைன்னோம். அவரு பொழப்புக் கெட்டுப் போனதுல என் கையும் இருக்கு. வேற யாராச்சும் இந்தக் கதைய சொன்னா என்னை விட்டுட்டுச் சொல்லுவாங்க. அதனால நானே சொல்றேன்.

அவரு ஊர்க் கதையெல்லாம் ராஜலிங்கண்ணே வாயால கேட்டதுதான். ராஜலிங்கண்ணே பாண்டிச்சேரி ஆளு, பிரெஞ்சு பேசுவாரு. தொரைக்கு சோறாக்குறதும் அவருதான், தொரை பேசுறத எங்களுக்கும் நாங்க பேசுறத தொரைக்கும் சொல்றதும் அவருதான். தொரையோட அப்பன் செருப்புத் தைக்கிறவராம். நாங்க குடியிருந்த லயத்துல பாதிப் பேரு நம்பலை. வெள்ளைக்காரன்ல எவன் செருப்புத் தைப்பான்னு கேட்டாங்க. பின்ன அவனுங்க செருப்பு மரத்துலயா காய்க்குதுன்னு நான் கேட்டேன்.

அவரு ஊருல ஒரு ஆறு, ஆத்தோரம் பாறை, பாறையில குகைகளாம். இரும்பு, பானையெல்லாம் வர்றதுக்கு முன்னாடி இருந்த சனங்க அந்தக் குகைக்குள்ளதான் குடியிருந்தாங்களாம். கல்லை ஒடச்சு அதாலயே கறி அறுத்து, தோல் சீவிப் பொழச்சிருக்காங்க. இவரு சின்னதுல அந்தக் கல்லுகளைப் பொறக்கிக்கிட்டு வந்து வீட்டுல சேத்து வச்சு அப்பன்கிட்ட ஒதை வாங்கியிருக்காரு. படிக்க வைக்க வழியில்லை. குகை தோண்டுற ஒரு பாதிரிக்கு மண் சுமக்கப் போயி அங்கதான் எல்லாம் கத்துக்கிட்டாரு. பொறகு பெரிய சண்டை வந்துச்சு. நாலு வருசம் பட்டாளத்துல குழிக்குள்ளயே கெடந்தாரு. குண்டு வெடிச்சு எடது காது போச்சு. அந்தக் குழிச் செவுத்துலயும் கல்லு தெரிஞ்சா எடுத்து பையில போட்டுக்குவாராம். சண்டை முடிஞ்சு பாரிசுல பழங்காலத்துச் சாமானெல்லாம் வச்சிருக்கிற பெரிய கட்டடத்துல, கல்லைக் கழுவி நம்பர் போடுற வேலை குடுத்தாங்க. கூட இருந்தவங்க எல்லாம் பெரிய படிப்பு. இவரு கையால படிச்சவரு. அத அவங்களும் மறக்கலை, இவரும் மறக்கலை.

அங்கதான் ஒருநா சிலோன்லேர்ந்து யாரோ அனுப்பின ஒரு பொட்டியத் தொறந்து பாத்திருக்காரு. உள்ள நகம் நகமா வெள்ளக் கல்லு. எங்க ஆளுங்க வெங்கச்சாங்கல்லுன்னு சொல்ற அதே கல்லுதான். மண்ணுல கெடந்தா நாங்க எட்டி ஒதைச்சிட்டுப் போவோம். அவரு அதுக்காகக் கப்பலேறி வந்துட்டாரு.

அவரு வந்தது முப்பத்தொண்ணுல. தேயிலை வெலை விழுந்த வருசம். தோட்டத்துல வாரத்துக்கு மூணு நாள்தான் வேலை. வேலைப் பதிவுல பேரை வெட்டி, குடும்பம் குடும்பமா கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்பிக்கிட்டிருந்தாங்க. ஹேவாஹெட்டையில எங்க தோட்டத்துக்கு மேல ஒரு பெரிய பாறை, அதுக்கு அடியில ஆழமான குகை. அத தோண்ட ஆளு வேணும்னு கல்லு தொரை கேட்டப்ப, எங்க தொரைக்கு ரொம்ப சௌகரியமா போச்சு. சும்மா இருந்த ஆளுங்கள்ள பன்னெண்டு பேரை விட்டாரு. என் புருசன் அழகையா அதுக்கு மேலாளு. மண்வெட்டி புடிக்கிறதுல அவரு கெட்டிக்காரரு. வாயி அதவிடக் கெட்டி.

தோண்டுறதுக்கு முன்னாடி மாடசாமிக்கு சேவல் அறுத்தோம். தொரை செருப்பைக் கழட்டிட்டு நின்னாரு. பொறகு கயிறு கட்டி, குகையோட தரையப் படிக்கட்டு மாதிரி நாலு படியா வெட்டச் சொன்னாரு. மேல்படி புதுசு, கீழ போகப் போகப் பழசுன்னு வெளக்கினாரு. வெளக்கினாருன்னா, ராஜலிங்கண்ணே சொன்னாரு, நாங்க தலையாட்டினோம். ஒவ்வொரு படி மண்ணையும் சலிக்க ஒரு பொம்பளை, அவளுக்கு ஒரு சல்லடை, ஒரு கூடை. மேல்படியில மூக்காயி. நடுவுல ரெண்டு படி சீரங்காயியும் அவ தங்கச்சியும். அடிப்படியில நான். மூக்காயி மண்ணுல பானை ஓட்டுச் சில்லு வரும், சாம்பல் வரும். என் மண்ணுல சில்லே கெடையாது, அள்ள அள்ள வெங்கச்சாங்கல்லுதான். சலிச்சு எடுத்ததை மத்தியானம் கீழ ஓடையில கழுவி, கூடையோட கொண்டு போயி தொரை மேசையில வைக்கணும்.

மூக்காயி லயத்துல எனக்கு அடுத்த காம்பரா, நடுவுல ஒரே செவுரு. அப்ப அவ அஞ்சு மாசம் முழுகாம இருந்தா. ரெண்டு தடவ கலைஞ்சு மூணாவதா தரிச்சது. நின்னா தலை சுத்தும், ஒக்காந்தா வாந்தி. அவ புருசன் காளிமுத்து பேரைத் தோட்டத்துல வெட்டியாச்சு. இவ வேலையும் போனா ரெண்டு பேருக்கும் கப்பல்தான். அந்த ஒடம்போட கப்பல்ல போனா புள்ளை தங்காதுன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கல்லு தொரை எவ கூடையையும் நிறுக்கலை. நாள் சம்பளம் எல்லாருக்கும் ஒண்ணுதான். அது அவரு கணக்கு. என் புருசன் தோட்டத்துல வளந்த ஆளு, நிறுக்காத கூடைய அவருக்கு நம்பத் தெரியாது. ரெண்டாவது வாரம் எங்க நாலு பேரையும் நிறுத்தி, கூடை கொறஞ்சா பேரு கெடையாது, அன்னைக்குச் சம்பளமும் கெடையாது, கொறைக்கிறவ திரும்ப தோட்டத்துக்குப் போயிரலாம்னுட்டாரு. தொரை சொன்னாரான்னு நான் வீட்டுல கேட்டதுக்கு, இதெல்லாம் தொரை சொல்லணுமாடின்னு கேட்டாரு.

மலையில கொழுந்தெடுக்கிற பொம்பளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூட நிக்கிறவளுக்கு ஒடம்பு முடியலேன்னா, நிறுவைக்குப் போற வழியில நம்ம கூடையிலேர்ந்து ரெண்டு கை அள்ளி அவ கூடையில போடுவோம். கணக்கப்பிள்ளை கண்ணுல படாம போடணும். கேட்டு வாங்குறதும் இல்லை, சொல்லிக் குடுக்கிறதும் இல்லை. நாளைக்கு நமக்கு முடியலேன்னா அவ போடுவா. கொழுந்து கொழுந்துதானே, யாரு கிள்ளினா என்ன.

ஓடையில கூடையக் கழுவுறப்ப நான் அதத்தான் செஞ்சேன். என் கூடையில கல்லு வழிஞ்சுச்சு. அவ கூடையில கைப்பிடி சில்லு. ரெண்டு கை அள்ளிப் போட்டேன். சீரங்காயியும் அவ தங்கச்சியும் போடலை. அவளுக சொந்தப் புள்ளைக்கே எண்ணிச் சோறு போடுறவளுக. நாலு மாசம், மூக்காயிக்குப் புள்ளை பொறக்கிற வரைக்கும், தெனம் போட்டேன். பொம்பளைப் புள்ளை, தங்குச்சு. பாயிஸான்னு ஒரு மருத்துவச்சி வந்து எடுத்துப் போட்டா.

கல்லு தொரைக்கு அந்த நாலு மாசமும் தலைகால் புரியலை. மேல்படிக் கூடையில சில்லும் கல்லும் ஒண்ணா வருது. ராத்திரியாகுற வரைக்கும் எழுதிக்கிட்டே இருப்பாரு. எங்களைப் பாத்தாச் சிரிப்பாரு, "நல்ல கூடை"ன்னு தமிழ்ல சொல்லுவாரு. அவருக்குத் தெரிஞ்ச தமிழே பத்து வார்த்தை. கல்லுக்காரச் சனமும் பானைக்காரச் சனமும் ஒரே காலத்துல, ஒரே குகையில, ஒரே அடுப்புல சோறாக்கியிருக்காங்க, இத ஒலகத்துல எவனும் இதுவரைக்கும் கண்டுபிடிக்கலைன்னு ராஜலிங்கண்ணே எங்களுக்குச் சொன்னாரு. நாங்க அதுக்கும் தலையாட்டினோம். குகை வேலை அந்த நாலு மாசத்தோட முடிஞ்சு, முப்பத்திமூணுல பொட்டி பொட்டியா கல்லை ஏத்திக்கிட்டு ஊருக்குப் போனாரு. புஸ்தகம் போட்டாராம். பாரிசுல அவருக்குப் பெரிய வாத்தியாரு பதவி, கதிரைன்னு சொல்லுவாங்களாம், அதக் குடுத்து ஒக்கார வச்சாங்களாம். செருப்புத் தைக்கிறவர் மகன் அந்தப் படிச்சவங்களுக்கே பாடம் சொன்னாரு.

முப்பத்தேழுல திரும்பி வந்தாரு. எங்களுக்கு அடையாளமே தெரியலை. தலை நரைச்சு, கோட்டு தொளதொளன்னு தொங்குது. பொட்டியெல்லாம் கூடவே திரும்பி வந்திருந்துச்சு. சீரங்காயி குடும்பம் அதுக்குள்ள இந்தியாவுக்குப் போயிருச்சு. பழைய ஆளுகள்ள நானும் மூக்காயியும் என் புருசனும்தான் இருந்தோம். முதல் நாளே ராஜலிங்கண்ணே எங்க ரெண்டு பேரையும் அடுப்படிக்குக் கூப்பிட்டு சங்கதியச் சொன்னாரு. வேற ஆளுங்க வேற வேற குகையத் தோண்டிப் பாத்தாங்களாம். எங்கயும் கல்லு கீழ, சில்லு மேல. ஒண்ணா எங்கயும் வரலை. இவரே கல்லை அள்ளி மேல போட்டு ஏமாத்தி கதிரை வாங்கிட்டாருன்னு பேசுறாங்களாம். குகையில மிச்சமிருக்கிற மூலையத் தோண்டி, அது பொய்யில்லைன்னு காட்டத்தான் வந்திருக்காரு.

எனக்கு அப்பத்தான் ஓடையில நான் அள்ளிப் போட்டது என்னன்னு ஒறச்சுச்சு. மூக்காயி என்னைப் பாத்தா. நான் அடுப்பைப் பாத்தேன்.

வீட்டுல வந்து என் புருசன்கிட்ட சொன்னேன். அவரு எந்திரிச்சுக் கதவைச் சாத்தினாரு. பொறகு, "கூடை கொறைஞ்சா பேரில்லைன்னு சொன்னது நான். அது கல்லு தொரைக்குத் தெரிஞ்சா நம்ம தோட்டத்துத் தொரைக்கும் தெரியும். அடுத்த கப்பல் நமக்குத்தான். நீ வாய மூடிக்கிட்டிரு"ன்னாரு. மூடிக்கிட்டேன். பயத்துல மட்டும்னு சொல்ல மாட்டேன். அவரு சொன்னதைக் கேட்டு நடந்தா நம்ம மேல பழி வராதுங்கிற எண்ணமும் இருந்துச்சு.

மூலையத் தோண்டினோம். எலும்பும் சாம்பலும் கொஞ்சம் வந்துச்சு. மேல்படியில ஒரு கல்லுகூட இல்லை. பத்து நாளு கழிச்சு தொரை எங்களைத் தன் கூடாரத்துக்கு வரச்சொல்லி ஒவ்வொருத்தரையா கேட்டாரு. பழைய நாள்ல கூடை மாறிச்சா, கல்லு ஒண்ணு மேல ஒண்ணு கொட்டிச்சா. என் புருசன் இல்லைன்னாரு. என்னைக் கேட்டாரு. தொரையோட நல்ல காது என் பக்கம் திரும்பியிருந்துச்சு. இல்லைங்கன்னு சொன்னேன்.

மூக்காயி வாயத் தொறந்தா. "ராஜலிங்கண்ணே, நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. என் கூடையில கல்லு போட்டது தொரை இல்லை. எங்க ஆளு. எனக்கு முடியலைன்னு போட்டது."

ராஜலிங்கண்ணே சொல்லலை. அவரு மூஞ்சி செத்துப் போச்சு. தொரைகிட்ட வேற என்னமோ சொன்னாரு. என்ன சொன்னாருன்னு தெரியலை, தொரை தலையாட்டிட்டு நோட்டைப் பாத்தாரு. சொன்னா இந்த மனுசன் இங்கயே விழுந்துருவாரு தாயேன்னு ராஜலிங்கண்ணே அவகிட்ட மெதுவா சொன்னாரு.

மூக்காயி எந்திரிச்சா. கூடார மூலையில கெடந்த ரெண்டு வெறுங் கூடைய எடுத்து தொரை மேசைக்கு முன்னாடி வச்சா. ஒரு கூடையில தரையில கெடந்த வெங்கச்சாங்கல்லை அள்ளிப் போட்டா. இன்னொண்ணுல நாலு ஓட்டுச் சில்லு. சில்லுக் கூடையத் தொட்டு, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினா. பொறகு வயித்தை கையால மேடு மாதிரி காட்டினா. சுத்திமுத்தி யாரும் பாக்குறாங்களான்னு பாக்குற மாதிரி பாத்துட்டு, கல்லுக் கூடையிலேர்ந்து ரெண்டு கை அள்ளி சில்லுக் கூடையில போட்டா. போட்டுட்டு விரலை விரிச்சு நாலு காட்டினா. நாலு மாசம்.

தொரைக்கு ஒருத்தரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கலை. அந்தச் சில்லுக் கூடையத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. பொறகு தலையத் தூக்கி, தமிழ்லயே ஒரே ஒரு வார்த்தை கேட்டாரு.

"யாரு?"

மூக்காயி என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை. கையெட்டுற தூரத்துல நான் நிக்கிறேன். எனக்கு அந்தாண்ட என் புருசன். அவ தரையப் பாத்துக்கிட்டு, "அதக் கேக்காதீங்க ஐயா"ன்னா. ராஜலிங்கண்ணே இந்தத் தடவ அத அப்படியே சொன்னாரு. தொரை அதுக்கு மேல கேக்கலை. அவரு அதட்டியிருந்தா சொல்லியிருப்பேனோ என்னமோ. அதட்டுற ஆளு இல்லை அவரு.

அவரு செஞ்சது இதுதான். நோட்டைத் தொறந்து மூக்காயி காட்டின நாலு மாசத்துப் பக்கம் ஒவ்வொண்ணையும் மை தொட்டுக் குறுக்கால கோடு போட்டு அடிச்சாரு. எங்க முன்னாடியே. கல்லு எந்தப் படியிலேர்ந்து வந்துச்சுன்னு தெரியலை, யாரு போட்டதுன்னு தெரியலை, அதனால அத்தனையும் போச்சு. நல்ல கல்லும் அதோட போச்சு. அன்னைக்கு நான் வாயத் தொறந்திருந்தா பாதி நோட்டு பொழச்சிருக்கும். அது எனக்கு அப்பத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் தொறந்திருக்க மாட்டேன்.

தானே பாரிசுக்குக் கடுதாசி எழுதினாரு. புஸ்தகத்துல எழுதினது தப்பு, தப்பு என்னுது, கூலியாளுங்க மேல குத்தமில்லைன்னு. மறைச்சிருக்கலாமேன்னு ராஜலிங்கண்ணே கேட்டிருக்காரு. அதுக்குத் தொரை, ஒவ்வொரு படியிலயும் கெடைக்கிறது கூடக்கொறைய இருக்கணும், தெனமும் எல்லாக் கூடையும் நெறஞ்சு வந்தத நான் சந்தேகப்படாம சந்தோசப்பட்டேன், அது முட்டாள்தனம்னாராம். பதில் வந்துச்சு. கதிரைய வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க.

அவரு ஊருக்குப் போகலை. கண்டியில, கட்டுகஸ்தோட்டை ரோட்டுல ஸெய்னுலாப்தீன் நானான்னு ஒரு முஸ்லிம் அண்ணன் கடைக்கு மேல ஒரு அறை எடுத்துக்கிட்டாரு. பொட்டியெல்லாம் அங்க போச்சு. ராஜலிங்கண்ணே எப்பயாச்சும் ஹேவாஹெட்டைக்கு வந்தா சொல்லுவாரு. தொரை தெனமும் ஒவ்வொரு கல்லா எடுத்து வெளிச்சத்துல வச்சு, சந்துல ஒட்டியிருக்கிற மண்ணு நெறத்தைப் பாத்து, இது எந்தப் படி, இது எந்தப் படின்னு பிரிச்சுக்கிட்டிருக்காராம். ஓடையில நல்லாக் கழுவின கல்லு. அதுல மண்ணு எங்க இருக்கப் போகுது. இருமல் வேற. ரெண்டு வருசம் இப்படிக் கழிஞ்சுச்சு. நான் கேட்டுக்கிட்டு, சோத்தைத் தின்னுட்டு, வேலைக்குப் போனேன்.

முப்பத்தொம்பது தை மாசம் என் புருசன் நெஞ்சுச் சளியில மூணே நாள்ல போயிட்டாரு. தாலியக் கழட்டி, வெள்ளை கட்டி, முப்பது நாளு காம்பராவுக்குள்ள இருந்தேன். முப்பது முடிஞ்ச மறுநா காலையில கண்டிக்கு பஸ் ஏறினேன். எதுக்குப் போறேன்னு யாருகிட்டயும் சொல்லலை.

நானா கடை வாசல்ல நின்னு, தொரையப் பாக்கணும்னேன். "தொரைக்கு சொகமில்ல புள்ள, படியேற ஏலுமெண்டா மேல போங்க"ன்னாரு நானா. மேல போனா, அறை முழுக்கக் கல்லு. தரையில துணிய விரிச்சு குமி குமியா வச்சிருக்காரு, நடக்க வழியில்லை. ராஜலிங்கண்ணே பக்கத்துல நிக்கிறாரு, தொரை கட்டில்ல சாஞ்சு ஒக்காந்திருக்காரு. கையில கல்லு.

நான் ஒக்காரலை. "ராஜலிங்கண்ணே, கல்லு போட்டது நான். எல்லாம் அடிப்படிக் கல்லு. என் கூடையிலேர்ந்துதான் போட்டேன். வேற எவளும் போடலை. மூக்காயி கூடையில சில்லும் சாம்பலும் எலும்பும்தான் அவளோடது. வெங்கச்சாங்கல்லு ஒண்ணுகூட அவளோடது இல்லை. சொல்லுங்க."

சொன்னாரு. தொரை கையில இருந்த கல்லை மெத்தை மேல வச்சாரு. என்னமோ கேட்டாரு.

"ஏன் அப்ப சொல்லலைன்னு கேக்குறாரு பாப்பம்மா."

"எம் புருசன் அப்ப உசுரோட இருந்தாரு."

அதையும் ராஜலிங்கண்ணே கூட்டாம கொறைக்காம சொன்னாரு. தொரை என் கழுத்தைப் பாத்தாரு, என் சீலையப் பாத்தாரு. திட்டுவாருன்னு நின்னேன். திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும். அவரு மெதுவா எந்திரிச்சு செவுத்தப் புடிச்சுக்கிட்டு வந்து, தரையில இருந்த ரெண்டு குமியக் காட்டி ராஜலிங்கண்ணேகிட்ட பேசினாரு. இந்தக் குமியில இருக்கிறது எல்லாம் அடிப்படின்னு அவரு ரெண்டு வருசமா பிரிச்சு வச்சதாம். அடுத்த குமி எதுன்னு தெரியாம வச்சதாம். அதுவும் அடிப்படிதான்னேன். அவரு குனிஞ்சு அந்தக் குமியோட துணிய இழுத்து, முதல் குமியோட சேத்தாரு. ரெண்டு வருசத்து வேலை, துணிய இழுத்தா முடிஞ்சுச்சு.

நான் சொன்னதையெல்லாம் ராஜலிங்கண்ணே பிரெஞ்சுல எழுதினாரு. எந்த மாசம் ஆரம்பிச்சேன், எங்க வச்சு போட்டேன், எத்தனை கை. தொரை அடியில கையெழுத்துப் போட்டாரு. எனக்கு எழுதத் தெரியாது. கல்லுக்கு நம்பர் போடுற மைய என் பெருவெரல்ல தடவி அழுத்தினாங்க. பொறகு நோட்டை எடுத்து வச்சு, அடிச்ச பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்துல தொரை திரும்ப எழுத ஆரம்பிச்சாரு. நான் கௌம்புறதக்கூட அவரு பாக்கலை.

ஆறேழு மாசம் எழுதினாரு. பாதிதான் ஆச்சு. ஆவணியில திரும்பவும் சண்டை வந்து பாரிசுக்குப் போற கடுதாசியெல்லாம் நின்னு போச்சு. ஐப்பசி மழையில ஒருநா காலையில செத்துக் கெடந்தாரு. வயசு அம்பத்தி ரெண்டு. கண்டியில மகியாவ மயானத்துல பாதிரி ஒருத்தர் வந்து ஓதினாரு. ராஜலிங்கண்ணே, நானா, மூக்காயி, நான். குழிக்குள்ள எறக்குற வரைக்கும் மழை விடலை. நோட்டையும் பொட்டியையும் ராஜலிங்கண்ணே பாண்டிச்சேரிக்கு எடுத்துக்கிட்டுப் போறேன்னாரு, அங்க பிரெஞ்சுக்காரங்க இருக்காங்க, குடுத்துருவேன்னாரு. குடுத்தாரா, அவங்க அத வாசிச்சாங்களா, எனக்கு எந்தத் தகவலும் வரலை.

மண்ணைத் தள்ளி முடிச்சப்பொறகு நானும் மூக்காயியும் ரோட்டுக்கு எறங்கினோம். அவ அதுவரைக்கும், அந்த ரெண்டு வருசத்துல ஒரு நாள்கூட, என்னை எதுவும் கேட்டதில்லை. அன்னைக்கும் கோவமா கேக்கலை.

"நீ முன்னாடியே வந்திருக்கலாம்க்கா."

"வந்திருக்கலாம்"னேன்.

பஸ் வந்துச்சு. ஏறி ஹேவாஹெட்டைக்குப் போனோம்.